பாச உழைப்பு

ஜன்னலோரம்னா உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமோ தம்பி? இல்ல, சும்மாதான் கேட்டேன். பஸ்ல இந்தப் பக்கம் உக்காந்தா ஏறுதவன் எறங்குதவன் எல்லாம் தோள்ல இடிப்பான், அதான். அட, எந்திரிச்சிட்டீங்களா? நான் சொல்லவே இல்லையே. நல்ல மனசு. இந்தப் பையை மட்டும் மேல வச்சிருங்க. எடம் இல்லையோ? கீழ வைக்க வேண்டாம், ஒரே ஈரமாக் கெடக்கு. உங்க மடியிலயே இருக்கட்டும். கோவில்பட்டில ஆள் எறங்குவாங்க, அப்ப மேல ஏத்திக்கிடலாம். கனமா இருக்கோ? ஒண்ணுமில்ல, துணிதான்.

மதுரைக்குத்தானே? நீங்க என்ன சோலியாப் போறீங்க? நான் என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வரப் போறேன். அவ தங்கச்சி வீட்டுல போய் இருக்கா. ஒரு மாசமாச்சு. கோவிச்சுக்கிட்டுப் போனான்னு சொல்ல முடியாது. கோவிச்சுக்கிட்டா சத்தம் போடணும்லா? இவ சிரிச்சுக்கிட்டே போனா. அதுதான் எனக்குப் புரியவே இல்ல.

என்னைத் தெரியலையா? பேராசிரியர் குற்றாலிங்கம். பொருளாதாரத் துறை. பல்கலைக்கழகத்துல போய் 'பாச உழைப்பு குற்றாலிங்கம்'னு கேட்டா வாட்ச்மேன் முதக்கொண்டு சொல்லுவான். இப்பக் கொஞ்ச நாளா அதைச் சொல்லும்போது சிரிக்கான். அது வேற கதை. இல்ல, அதே கதைதான். சொல்லுதேன், கேளுங்க. ஷட்டரைக் கொஞ்சம் எறக்கிவிடுங்க, வெயில் மூஞ்சில அடிக்கி.

அரசியல் பொருளாதாரம்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? அரசியல்னதும் எல்லாரும் எலக்‌ஷன்னு நெனப்பாங்க. அது இல்ல. ஒருத்தன் உழைக்கான், இன்னொருத்தன் திங்கான். இவன் ஏன் உழைக்கான், அவன் எப்படித் திங்கான், உழைக்கவன் ஏன் வாயைத் தொறக்க மாட்டேங்கான்? அந்த மூணாவது கேள்வி இருக்கு பாருங்க, அதுக்குத்தான் நான் என் வாழ்க்கையையே குடுத்திருக்கேன்.

சின்ன வயசுல தாமிரபரணி ஓரமா நெல்லு வெளையுத ஊர் பூரா சைக்கிள்ல சுத்தினேன். பண்ணை வீட்டு ஆளுககிட்டப் போய்க் கேப்பேன். "வயல் வேலைக்குக் கூலி தாராங்க, சரி. வெறகு ஒடைக்கது, மாட்டைக் குளிப்பாட்டுதது, ஐயா வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போடுதது, இதுக்கெல்லாம் யாரு கூலி தாரா?"ன்னு கேப்பேன். "அதுக்கு எதுக்குய்யா கூலி, நம்ம வீட்டு வேலைலா"ம்பான். அங்கதான் தம்பி நான் பிடிச்சேன். பண்ணையார் அடிக்கல, மிரட்டல, செய்யின்னு வாய்விட்டுச் சொல்லக்கூட இல்ல. 'நீ நம்ம வீட்டுப் பிள்ளைடா'ன்னு ஒரு வார்த்தை. அம்புட்டுத்தான். வேண்டாம்னு இவன் சொல்லலாம், யாரும் தடுக்கல. சொன்னா அடுத்த போகத்துக்கு நெலம் இருக்காது. அது ரெண்டு பேருக்கும் தெரியும், ரெண்டு பேரும் பேச மாட்டாங்க. அந்த உழைப்புக்கு நான் பேர் வச்சேன். பாச உழைப்பு.

வெளிநாட்டுப் பத்திரிகையில வந்துச்சு. டெல்லில பேசக் கூப்பிட்டாங்க, கல்கத்தால கூப்பிட்டாங்க. அந்த ஆய்வேடு பூராவும் டைப் அடிச்சது கோமதிதான். கோமதின்னா என் வீட்டுக்காரி. கல்யாணம் ஆன புதுசு. கணக்குல பட்டம் வாங்கினவ, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். அட்டவணையில நான் கூட்டினது தப்பா இருந்தா அவளே திருத்திருவா, நான் சொல்லவே வேண்டாம். முழு அத்தியாயத்தையே மாத்தி அடிச்சு வச்சிருப்பா, படிச்சா நான் எழுதினதை விட நல்லா இருக்கும். அவ்வளவு பிரியம் என் மேல.

தண்ணி வச்சிருக்கீங்களா? குடுங்க. பேசினா தொண்டை காஞ்சிருது. உங்களுக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கா பாருங்க. இல்லையா? சரி, கோவில்பட்டில பிடிச்சுக்கிடலாம்.

எங்க விட்டேன்? ஆங், தாணுமூர்த்தி. கதைக்குள்ள இன்னும் வரல அவன், இனிமேத்தான் வரப் போறான். என் கூடவே வேலைக்குச் சேந்தவன். பக்கத்து ரூம். ஏற்றுமதி பத்தி ஆராய்ச்சி. ஏற்றுமதில என்ன தம்பி இருக்கு? கப்பல் போகும், கப்பல் வரும். மனுஷன் எங்க இருக்கான் அதுல? ஆனா ஆள் கெட்டிக்காரன், எனக்கு முன்னால துறைத்தலைவர் ஆயிட்டான். அவன்கிட்ட ஆராய்ச்சி பண்ணுத பிள்ளைகளை நான் பாத்திருக்கேன். ஒருநாள் ஒரு பையன் அவன் குடையைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாலயே போறான். எனக்கு ரத்தம் கொதிச்சுட்டு. வீட்டுக்கு வந்ததும் இசக்கிமுத்துகிட்ட சொல்லிப் பொலம்பினேன். "பாத்தியாடே, இந்தக் காலத்துலயும் ஒரு பண்ணையாரு"ன்னேன். அவன் எங்க வீட்டு மோட்டாரைக் கழட்டிப் போட்டு ரிப்பேர் பாத்துக்கிட்டிருந்தான். "ஆமா சார்"னு சொன்னான்.

இசக்கிமுத்து என் ஸ்காலர். என்கிட்டப் பிஎச்.டி. பண்ணினவன். நாங்குநேரிப் பக்கம். மொத நாளே அவன்கிட்டச் சொல்லிட்டேன். "இங்க பாரு, எனக்குத் தாணுமூர்த்தி மாதிரியெல்லாம் வேலை வாங்கத் தெரியாது. நீ நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி." அன்னைக்கிலேருந்து அப்படித்தான் இருந்தான். காலையில வந்து நாயைக் கூட்டிட்டு ஒரு சுத்து. கரண்ட் பில்லு, கேஸு, பேங்க்கு. ஞாயித்துக்கிழமை மீன் மார்க்கெட். மீன் வாங்குததுல அவனை அடிச்சுக்கிட ஆள் கிடையாது, செவுளைத் தூக்கிப் பாத்தே சொல்லிருவான். நான் ஒண்ணு கேக்குதேன், இதுல எதையாவது நான் செய்யின்னு சொல்லியிருப்பேனா? ஒரு நாள், ஒரு வார்த்தை? 'மீன் தின்னு நாளாச்சு'ம்பேன். அதுவும் காத்துல சொல்லுத மாதிரித்தான்.

கோவில்பட்டியா? பையைத் தூக்கி மேல... அட, எறங்கினதை விட ஏறினவங்க ஜாஸ்தி. சரி விடு, அப்படியே இருக்கட்டும். கால் மரத்துப் போச்சுன்னா கொஞ்சம் மாத்தி வச்சுக்கிடு. அந்தா கடலைமிட்டாய் விக்கான் பாரு. கோமதிக்கு ரொம்பப் பிடிக்கும். சன்னல் வழியா எனக்கு எட்டாது, நீ ஒரு எட்டு எறங்கி வாங்கிட்டு வந்துரு. பையை இங்கயே வச்சிட்டுப் போனா சீட்டை எவனாவது பிடிச்சுக்கிடுவான், தோள்ல மாட்டிக்கிட்டே போ.

வாங்கிட்டியா? நல்ல பிள்ளை. தண்ணியும் பிடிச்சுட்டியா? பாத்தியா, நான் சொல்லல.

இப்பத்தான் கதைக்கு வாரேன். இசக்கிமுத்து எழுதி முடிச்சுட்டான். தலைப்பு நான் குடுத்தது. 'ஊதியமற்ற உழைப்பும் உறவின் நிர்ப்பந்தமும்: ஒரு கள ஆய்வு.' நான் கையெழுத்துப் போட்டேன். படிச்சீங்களான்னு கேக்காதே. பின்னால விசாரிக்க வந்த கமிட்டிலயும் இதையேதான் கேட்டாங்க. நெறியாளர் எல்லாத்தையும் படிச்சுக்கிட்டு இருந்தா எப்ப ஆராய்ச்சி பண்ணுதது? நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்குல்லா? 'எனது மேற்பார்வையில் செய்யப்பட்ட ஆய்வு'ன்னு சர்ட்டிபிகேட். என் மேற்பார்வையிலதானே செஞ்சான்? என் வீட்டு வராண்டாவுல உக்காந்துதானே எழுதினான்?

அப்புறம் வைவா. உனக்குத் தெரியாதுல்லா, சொல்லுதேன். ஆய்வேட்டைக் குடுத்த பெறகு பொதுவுல வச்சுக் கேள்வி கேப்பாங்க. வெளியூர்ல இருந்து ஒரு பரிசோதகர் வருவாங்க. யாரு வேணா வந்து உக்காந்து கேக்கலாம். எல்லாரும் வருவாங்க, ஏன்னா மத்தியானம் பிரியாணி. அது ஸ்காலர் போடணும். யாரும் சட்டம் போடல, ஒரு மரபு. அன்னைக்கு ஹால் நெறைஞ்சு வழிஞ்சுது. முன் வரிசையில கோமதி கூட வந்து உக்காந்திருந்தா. அவ ஒரு வைவாவுக்கும் வந்ததில்ல, அதுதான் மொத தடவை.

கேரளாவுல இருந்து ஒரு அம்மா வந்திருந்தாங்க, பரிசோதகர். கண்டிப்பான ஆளு. "கள ஆய்வு எந்தக் கிராமத்தில் செய்தீர்கள்?"னு கேட்டாங்க.

இசக்கிமுத்து சொன்னான், "கிராமத்துல இல்ல மேடம். இந்த வளாகத்துலதான்."

"அப்படியானால் இதில் பண்ணையார் யார்?"

"நெறியாளர்கள் மேடம்."

"கூலியில்லாமல் உழைப்பவர்கள்?"

"நாங்கதான்."

எனக்கு அப்படியே சிலுத்துப் போச்சு. என் கோட்பாடுடே அது! வயக்காட்டுல நான் கண்டுபிடிச்சதைக் கொண்டாந்து பல்கலைக்கழகத்துலயே நட்டுட்டான். அப்புறம் அவன் ஒரு நெறியாளரைப் பத்தி விவரமாச் சொன்னான். பேர் சொல்லல, 'நெறியாளர் அ'ன்னு வச்சிருந்தான். அந்த அ-வுக்கு காலையில நாயைக் கூட்டிட்டுப் போகணும். கரண்ட் பில்லு கட்டணும். ஞாயித்துக்கிழமை மீன் வாங்கணும். மோட்டார் ரிப்பேர் பண்ணணும். அவரு எதையும் வாயால சொல்ல மாட்டாரு, காத்துல சொல்லுவாரு. கேக்கக் கேக்க எனக்குப் புரிஞ்சுபோச்சு. தாணுமூர்த்தி! அசலாத் தாணுமூர்த்தி!

நான் சிரிச்சேன் பாரு, கண்ணுல தண்ணி வந்துட்டு. ஹால் பூரா என்னையத்தான் பாக்காங்க. மாணவனோட வெற்றி நெறியாளர் வெற்றிலா, பாக்கத்தானே செய்வாங்க. தாணுமூர்த்தியைத் திரும்பிப் பாத்தேன். மொகமெல்லாம் செவந்துபோய், கர்ச்சீப்பால வாயைப் பொத்திக்கிட்டு, தோள் ரெண்டும் குலுங்குது. அழுதுட்டான் போல. பாவம்னு கூடத் தோணுச்சு. ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்லா? எந்திரிச்சேன். "அந்த நெறியாளர் யாரா இருந்தாலும் சரி, அவர் மேல விசாரணை வைக்கணும். அப்படிப்பட்ட ஆளு கையில இனி ஒரு பிள்ளையையும் குடுக்கக் கூடாது. துணைவேந்தருக்கு நானே இன்னைக்கே எழுதுதேன்"னேன்.

கைதட்டு. அப்படி ஒரு கைதட்டு நான் கல்கத்தால கூட வாங்கினதில்ல. கோமதியும் தட்டினா. அவதான் கடைசி வரைக்கும் தட்டினா. அந்தக் கேரளாக்கார அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "இவ்வளவு நேர்மையான ஒரு நெறியாளரை நான் பார்த்ததில்லை சார்"னு சொன்னாங்க. அவங்க கண்ணுல நெசமாவே தண்ணி.

சாத்தூரா இது? பத்து நிமிஷம் நிப்பான். எனக்கு டீல சீனி கம்மி. நீயும் ஒண்ணு குடிச்சுக்கிடு.

ஆங், குடு. சூடா இருக்கு, கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிடேன். கமிட்டி போட்டாங்க. நான் எழுதின லெட்டர் மேலதான் போட்டாங்க. கமிட்டிக்காரங்க கார்ல வந்து எங்க நிக்காங்க? எங்க வீட்டு வாசல்ல! "தாணுமூர்த்தி வீடு அடுத்த தெரு"ன்னு நானே வெளிய போய் வழி சொன்னேன். "இல்ல சார், இங்கதான்"னுட்டு உள்ள வந்து உக்காந்துட்டாங்க. நாயைப் பாக்காங்க. மோட்டாரைப் பாக்காங்க. என்ன கொடுமைடே இது? எங்க வீட்டுலயும் நாய் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஊர்ல யாரு வீட்டுல நாய் இல்ல? ஆய்வேட்டுல வாரது டாமி. எங்க நாய் பேரு ஜிம்மி. அப்ப அது எப்படி எங்க நாயாகும்? தாணுமூர்த்தி வீட்டுல நாய் கிடையாது, அது ஒண்ணுதான் கொஞ்சம் இடிக்கி. ஆனா ஆராய்ச்சில ஆள் அடையாளம் தெரியாம இருக்க இப்படி ஒண்ணு ரெண்டைச் சேக்கதுதான். நானே சொல்லிக் குடுத்திருக்கேன்.

கமிட்டிக்கு எப்படிப் புரிய வைக்க? இசக்கிமுத்து எனக்குச் செஞ்சது வேலை கிடையாது. அவன் நம்ம வீட்டுப் பிள்ளை. தாணுமூர்த்தி வீட்டுல அதையே ஒருத்தன் செஞ்சாத்தான் அது வேலை. இந்த வித்தியாசம் கூடத் தெரியாதவங்களைக் கமிட்டில போட்டிருக்கான்.

கடைசில கோமதியைக் கூப்பிட்டாங்க. நீங்க எதுவும் சொல்ல விரும்புதீங்களாம்மான்னு கேட்டாங்க. அவ அடுக்களையில இருந்து எல்லாருக்கும் காப்பி எடுத்துட்டு வந்தா. தட்டை வச்சா. சேலைத் தலைப்புல கையைத் தொடைச்சா. "நானும் இந்த வீட்டுல ஸ்காலர்தான் சார். சேந்து முப்பது வருஷம் ஆகப் போகுது. எனக்குத்தான் இன்னும் வைவா வைக்கல"ன்னா.

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவளுக்கு எப்பவுமே நகைச்சுவை உணர்ச்சி ஜாஸ்தி. அவ மட்டும் சிரிக்கல. மறுவாரம் ஒரு பெட்டியில அவ துணிமணியை அடுக்கினா. அப்பத்தான் சிரிச்சா. "வைவாவுக்குப் படிக்கப் போறேன்"னு சொல்லிட்டு, பெட்டியை அவளே தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனா. ஆட்டோ பிடிச்சுத் தாரேன்னு சொன்னேன், நடந்தே போயிட்டா. போறவ முதுகையே பாத்துக்கிட்டு வாசல்ல நின்னேன்.

எனக்கு இனி ஸ்காலர் கிடையாதுன்னு ஆர்டர் வந்துட்டு. ரிட்டையர் ஆன பெறகு கௌரவப் பேராசிரியரா வச்சுக்கிடுவாங்கன்னு இருந்தேன், அதுவும் இல்ல. ரூம் சாவியையும் வாங்கிட்டாங்க. இப்ப என் ரூம்ல தாணுமூர்த்தியோட ஏற்றுமதி ஃபைல் அடுக்கியிருக்கு. அதெல்லாம் போகட்டும் தம்பி. வீடுதான் முடியல. காப்பிப் பொடி எந்த டப்பாவுல இருக்குன்னு தெரியாம ஒரு வாரம் கடையில குடிச்சேன். அதைக் கூட விடு. சாயங்காலம் விளக்கைப் போட்டுட்டு உக்காந்தா, பேசுததுக்கு ஆள் இல்ல. நான் பேசிக்கிட்டே இருப்பேன், அவ உம் கொட்டிக்கிட்டே இருப்பா. முப்பது வருஷமா அந்த உம்-முக்காகத்தான் நான் பேசியிருக்கேன்னு இப்பத்தான் தெரியுது. ஜிம்மிகிட்டப் பேசிப் பாத்தேன். எந்திரிச்சுப் போயிருது.

போன் போட்டேன். மொதல்ல எடுக்கல. அப்புறம் எடுத்தா. வந்து கூட்டிட்டுப் போகவான்னு கேட்டேன். "வாங்க, பேசுவோம். ஆனா உங்க பையை நீங்கதான் தூக்கிட்டு வரணும். வேற ஆள் கையில பை இருந்துச்சுன்னா, நான் உள்ள போய்க் கதவைச் சாத்திருவேன்"னா. இதென்ன நிபந்தனை? சின்னப்பிள்ளை வெளையாட்டு. ரொம்ப யோசிச்சேன், என் ஆராய்ச்சில எங்கயும் இதுக்கு வெளக்கம் கிடைக்கல. சரின்னுட்டேன். வீட்டு வாசல்லதானே பாக்கப் போறா? பஸ்ஸுக்குள்ள யாரு பாக்கா? நீ என் கூட ஆட்டோவுல வந்து தெருமுனையில எறங்கிட்டா, அங்கேருந்து நான் வாங்கிக்கிடுவேன். எல்லிஸ் நகர்தான். உனக்கு என்ன வேற சோலியா இருக்கப் போகுது?

பையில அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கியா? அழுக்குத் துணிடே. ஒரு மாசத்துத் துணி, பெட்ஷீட்டு, ரெண்டு திரைச்சீலை. நான் எங்க போய்த் துவைக்க? அவ துவைச்சுக் குடுத்தா கையோட கூட்டிட்டு வந்துரலாம்னு பாத்தேன். கடலைமிட்டாயையும் அதுக்குள்ளயே போட்டுரு, மறந்துரப் போறேன்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வந்துட்டு. எறங்குவோம். நீ பையோட முன்னால போ, கூட்டத்தை வெலக்கிவிடு. நான் பின்னால வாரேன்.

இரு. இரு இரு. நில்லு.

அந்தா கோமதி.

எப்படித் தெரியும் இவளுக்கு எந்த பஸ்ஸுன்னு? பக்கத்துல நிக்கது யாரு? இசக்கிமுத்து! இங்க ஒரு காலேஜ்ல வேலை கிடைச்சிருக்கு அவனுக்கு. நான்தான் காலையில அவனுக்குப் போன் போட்டு, மதுரைக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸுடேன்னு கேட்டேன். பஸ் நேரமெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். போய் அம்மாகிட்டச் சொல்லியிருக்கான் படவா.

பாத்துட்டா. என்னைப் பாத்துட்டா. இல்ல, என்னைப் பாக்கல. உன் தோளைப் பாக்கா.

இந்தா, இசக்கிமுத்து ஓடி வாரான் பாரு, பையை வாங்கத்தான். பழக்கம். நம்ம வீட்டுப் பிள்ளைலா... அட, அவ அவன் கையைப் பிடிச்சு நிறுத்திட்டா. விட மாட்டேங்கா. அவன் அவளைப் பாக்கான், என்னைப் பாக்கான். அவ இன்னும் உன் தோளைத்தான் பாக்கா. மொகத்தைத் திருப்பப் போறா போல.

கோமதி, இரும்மா. போயிராத. தம்பி, குடுங்க. பையைக் குடுங்க. இல்ல, நீங்க விடுங்க, நானே மாட்டிக்கிடுதேன்.

அம்மாடி.

என்ன தம்பி இந்தக் கனம் கனக்கு? இதையா இம்புட்டு நேரமும் மடியில வச்சிருந்தீங்க? இதோடயா கோவில்பட்டில எறங்கி ஏறினீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா.

இல்ல, எப்படிச் சொல்லுவீங்க.

போறேன் தம்பி. பாக்கா, நின்னுதான் இருக்கா. இந்தா, இந்தக் கடலைமிட்டாயில பாதி உங்களுக்கு. அவளுக்குப் பாதி போதும். உங்க பேரைக் கூட நான் கேக்கவே இல்லையே. உங்க பேரு என்ன?